சனிப் பெயர்ச்சியும் சந்தைப் பெயர்ச்சியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சேமிப்பைப் பற்றி எழுதியபோது, கிரக நிலை பார்த்துப் பங்கு வாங்க வேண்டாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்ற பகுதிகளுக்கு வந்த கடிதங்களைக் காட்டிலும் அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே அதிகம். சிலர் கோபித்துக்கொண்டார்கள், சிலர் கிண்டலாக எழுதினார்கள், சிலர் தம் கணக்கில் இழந்த தொகையை எழுதி, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். இந்த மூன்றாம் வகைக் கடிதங்களுக்காகவே இம்முறை எல்லாப் பக்கங்களையும் இந்த ஒரு பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: எங்கள் குடும்ப ஜோதிடர் சந்தையைப் பற்றிச் சொன்னது தொடர்ந்து மூன்று முறை பலித்துவிட்டது. ஏறும் என்றார், ஏறியது. இறங்கும் என்றார், இறங்கியது. மறுபடி ஏறும் என்றார், ஏறியது. கண்ணால் கண்டதை எப்படி ஐயா மறுப்பது?

பதில்: கண்ணால் கண்டதை மறுக்க வேண்டாம். ஆனால் உங்கள் கண்ணில் படாமல் போனதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஏறும், இறங்கும் என்ற இரண்டில் ஒன்றை வாய்க்கு வந்தபடி சொன்னாலும் அது சரியாக அமைய ஏறத்தாழப் பாதி வாய்ப்பு உண்டு. அதுவே மூன்று முறை தொடர்ந்து சரியாக அமைய எட்டில் ஒரு வாய்ப்பு. எண்பது பேர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துப் பலன் சொல்லியிருந்தால்கூட அவர்களில் சுமார் பத்துப் பேருக்கு மூன்று முறையும் பலித்திருக்கும். அப்படிப் பலித்த ஒருவரிடம் நீங்கள் போயிருக்கிறீர்கள். பலிக்காத எழுபது பேரிடம் போனவர்கள் அதைப் பெருமையாக எனக்கு எழுதப் போவதில்லை.

இதைத் தெரிந்தே பயன்படுத்தும் மோசடி ஒன்று உண்டு. 1,024 பேருக்குக் கடிதம் அனுப்புகிறார்கள். பாதிப் பேருக்கு இந்த வாரம் சந்தை ஏறும் என்றும் மறுபாதிக்கு இறங்கும் என்றும் எழுதுகிறார்கள். எந்தப் பாதிக்குப் பலித்ததோ அந்த 512 பேருக்கு மட்டும் அடுத்த கடிதம் போகிறது. அதிலும் இதே போல் இரண்டு பாதி. ஐந்து வாரம் கழிந்ததும் 32 பேர் மிஞ்சுகிறார்கள். ஐந்து வாரமும் தவறே இல்லாமல் பலன் சொன்ன ஒரு மகானைக் கண்டுவிட்டதாக அந்த 32 பேரும் நம்புகிறார்கள். ஆறாவது கடிதத்தில் கட்டணம் கேட்டால் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். பத்து வாரம் வரை விட்டால் ஒருவர் மிஞ்சுவார். அவர் வீட்டையே அடமானம் வைத்துக் கொடுப்பார். எழுதியவருக்கோ சந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

உங்கள் ஜோதிடர் இப்படி ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவே இல்லை. ஏராளமானோர் ஏராளமானோருக்குப் பலன் சொல்லும் இடத்தில், ஒருவரும் திட்டமிடாமலேயே இதே சல்லடை வேலை செய்துவிடுகிறது. பலித்தவர் பேர் பரவுகிறது, பலிக்காதவர் பேர் மறைகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் சொன்னபோது, காக்கை உட்கார்ந்தும் பழம் விழாத நாட்களை யாரும் நினைவில் வைப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: வாரபலனில் வருகிற சந்தை நிலவரத்தை இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நீங்கள் படித்துப் பார்த்ததுண்டா?

பதில்: படித்ததுண்டு, வரி வரியாகப் படித்ததுண்டு. இந்த வகைப் பலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: “வாரத் தொடக்கத்தில் ஏற்ற இறக்கம் காணப்படும். புதனுக்குப் பின் சாதகமான போக்கு தென்படலாம். உலோகப் பங்குகளில் எச்சரிக்கை தேவை. நீண்டகால முதலீட்டாளர்களுக்கு நற்பலன் உண்டு.” முதல் வாக்கியம் பொய்யாக வேண்டுமானால் சந்தை அசையாமல் நிற்க வேண்டும், அப்படி ஒரு வாரம் வருவதே இல்லை. இரண்டாம் வாக்கியத்தில் உள்ள “தென்படலாம்” என்ற சொல் ஏறினாலும் இறங்கினாலும் எழுதியவரைக் காப்பாற்றிவிடும். எச்சரிக்கை தேவைப்படாத பங்கு உலகில் இல்லை. நீண்டகாலம் என்பது எத்தனை ஆண்டு என்று சொல்லாததால் கடைசி வாக்கியத்துக்குக் கெடுவே கிடையாது. இந்த நான்கு வாக்கியங்களையும் எந்த ஆண்டின் எந்த வாரத்தில் அச்சிட்டாலும் சரியாகவே இருக்கும்.

இத்தகைய சொற்களை மனம் எவ்வளவு ஆவலோடு ஏற்றுக்கொள்கிறது என்பதை 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் வகுப்பிலேயே சோதித்தார். மாணவர்கள் 39 பேரிடமும் ஓர் ஆளுமைத் தேர்வை எழுதச் சொல்லி, உன்னைப் பற்றிய தனி மதிப்பீடு இது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். அது எந்த அளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக ஐந்துக்கு 4.26. அனைவருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள்; அதில் இருந்த வாக்கியங்களை அவர் பெரும்பாலும் கடையில் கிடைத்த ஒரு ஜோதிட நூலிலிருந்து எடுத்திருந்தார்.

ஆகவே இரண்டு ஆண்டு படித்ததை விட்டுவிட்டு, இனி வரும் பலன்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் குறியீட்டெண், எந்தத் தேதிக்குள், எத்தனை சதவீதம், ஏற்றமா இறக்கமா என்ற நான்கும் பலனில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் எழுதாதீர்கள். பல மாதம் கழிந்த பின்னும் உங்கள் நோட்டு வெறுமையாகவே இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. நான் சொன்னது தவறு என்றால் அந்த நோட்டையே எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

கேள்வி: 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் சரிந்தபோது புதன் வக்கிரத்தில், அதாவது பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும் நிலையில், இருந்ததாகப் படித்தேன். இது உண்மையா?

பதில்: உண்மை. அன்று டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 22.6 சதவீதம் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே புதன் வக்கிர கதியைத் தொடங்கியிருந்தது.

இப்போது இன்னொரு நாளைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டில் புதன் மார்ச் 10 வாக்கில் வக்கிரம் நீங்கி நேர்கதிக்குத் திரும்பியது. அதே குறியீட்டெண் அதற்கு ஆறு நாள் கழித்து, மார்ச் 16 அன்று, 12.9 சதவீதம் வீழ்ந்தது. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோதும் புதன் நேர்கதியிலேயே இருந்தது. வக்கிரம் தொடங்கியது செப்டம்பர் 24 அன்று. முதல் நாளைச் சொன்னவர்கள் மற்ற இரண்டு நாட்களைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதன் ஆண்டுக்கு மூன்று முறை, சில ஆண்டுகளில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று வாரம் பின்னோக்கிச் செல்வது போல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது பின்னோக்கிச் செல்வதில்லை. சூரியனை நம்மைவிட வேகமாகச் சுற்றி நம்மைக் கடக்கும்போது அப்படித் தெரிகிறது. ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு நாட்கள் இப்படி வக்கிரத்தில் கழிகின்றன. எனவே சந்தை வீழ்ந்த நாட்களில் ஐந்தில் ஒன்று வக்கிரத்தில் விழாவிட்டால்தான் வியப்பு. 2020ஐ எடுத்துக் காட்டினால், வக்கிரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் நிழற்காலம் உண்டு, அது அதில் விழுந்தது என்பார்கள். நிழலையும் சேர்த்தால் ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்கள் கணக்கில் வந்துவிடும். வலையை இவ்வளவு அகலமாக விரித்தபின் மீன் சிக்கியதில் என்ன திறமை இருக்கிறது?

கேள்வி: ஏழரைச் சனி நடப்பவர்கள் பங்குச் சந்தைப் பக்கமே போகக் கூடாது என்கிறார்களே?

பதில்: ராசிகள் பன்னிரண்டு. சனி எந்த ராசியில் இருந்தாலும் அந்த ராசிக்கும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ராசிகளுக்கும் ஏழரை. அதாவது எந்த நாளிலும் உலக மக்களில் கால்பங்கினருக்கு ஏழரைச் சனி நடக்கிறது. அஷ்டமச் சனியையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. சந்தையில் ஒவ்வொரு பங்கும் ஒருவர் விற்று மற்றவர் வாங்குவதால்தான் கைமாறுகிறது. இரு பக்கத்திலும் இந்தக் கால்பங்கினர் கலந்தே இருக்கிறார்கள். பங்கு ஏறினால் விற்ற கும்ப ராசிக்காரருக்கு நஷ்டம், வாங்கிய கும்ப ராசிக்காரருக்கு லாபம். இருவருக்கும் அதே சனிதான்.

கேள்வி: சந்திரனின் நிலைக்கும் பங்கு விலைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டதை நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: வந்தவற்றில் இதுவே மிகச் சிறந்த கேள்வி, விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லும் ஆய்வுகள் உண்மையானவை, நல்ல ஆய்விதழ்களில் வந்தவை. 2006இல் யுவான், ஜெங், ஜூ என்ற மூவர் 48 நாடுகளின் சந்தைகளை ஆராய்ந்து, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கிடைத்த வருமானம் அமாவாசையை ஒட்டிய நாட்களில் கிடைத்ததைவிட, ஆண்டுக் கணக்கில் 3 முதல் 5 சதவீதம் குறைவாக இருந்ததாக எழுதினார்கள். அதற்கு முன் 2003இல் வேறு இருவரும் இதே திசையில் ஒரு முடிவை வெளியிட்டிருந்தார்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்த ஆய்வுகளில் ஜாதகம் இல்லை, ராசி இல்லை, தசாபுத்தி இல்லை. பௌர்ணமியை ஒட்டி மனிதர்களின் மனநிலை மாறுமா, மாறினால் அது விலையில் தெரியுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. ஆய்வு முடிவு சரியென்றே வைத்துக்கொண்டாலும் அது உங்கள் ஜோதிடரின் ஒரு வாக்கியத்தைக்கூட நிரூபிக்கவில்லை.

அடுத்து, காசுக் கணக்கைப் பாருங்கள். சந்திரமாதம் 29.53 நாள் என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குச் சற்று அதிகமான பௌர்ணமிகள் வரும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் முன்பு விற்று, கழிந்ததும் வாங்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முறை கை மாற்ற வேண்டும். அந்த வித்தியாசம் 4 சதவீதம் என்று வைத்து, அது முழுவதும் உங்கள் கைக்கே வருவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு முறைக்கு 0.16 சதவீதம்தான் கிடைக்கும். தரகும் வரியும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் அதை விழுங்கிவிடும்.

மூன்றாவது விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு பெட்டி நிறையச் சாவிகளை வைத்துக்கொண்டு ஒரு பூட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், அந்தப் பூட்டுக்காகச் செய்யப்படாத ஏதோ ஒரு சாவியும் திறந்துவிடலாம். டேவிட் லெய்ன்வெபர் என்ற ஆய்வாளர் 1990களில் இதை எச்சரிக்கையாகவே செய்து காட்டினார். ஐ.நா. வெளியிட்ட புள்ளிவிவரங்களைத் துழாவி, வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தியை மட்டும் வைத்து அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணின் அசைவில் 75 சதவீதத்தை “விளக்கிவிட்டார்”. பாலாடைக்கட்டி உற்பத்தியையும் ஆடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்ததும் அது 99 சதவீதம் ஆயிற்று. அந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. வெண்ணெய்க்கும் சந்தைக்கும் தொடர்புதான் இல்லை.

2014இல் ராபர்ட் நோவி-மார்க்ஸ் என்ற நிதியியல் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். பங்கு உத்திகளின் வருமானத்தை முன்கூட்டிச் சொல்லப் பொருளியலாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே கணக்கு முறையை எடுத்துக்கொண்டு, மன்ஹாட்டனின் வானிலை, சூரியப் புள்ளிகள், கிரகச் சேர்க்கைகள் ஆகியவற்றை அதில் புகுத்தினார். அவை எல்லாமே முன்னறிவிக்கும் ஆற்றல் உடையவை என்று கணக்கு சொன்னது. ஜோதிடத்துக்குச் சான்றிதழ் வழங்குவது அவர் நோக்கமன்று. கிரகங்களையும் தேர்ச்சி பெறச் செய்கிற தேர்வில் மற்றவை தேர்ச்சி பெற்றதை எப்படி நம்புவது என்று தம் துறையினரையே அவர் கேட்டார். தம் துறையின் கருவியையே இவ்வாறு சோதனைக்கு நிறுத்தும் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். சந்தை ஜோதிடம் எழுதுகிறவர்களிடமிருந்து இப்படி ஒரு கட்டுரை வந்து நான் படித்ததில்லை.

கேள்வி: கோடீஸ்வரர்களுக்கு ஜோதிடம் தேவையில்லை, அதற்கும் மேலே இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கனே சொல்லியிருக்கிறாரே?

பதில்: அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ சான்று எதையும் யாரும் காட்டியதில்லை. மார்கன் 1913இல் இறந்தார். அவர் தம்மிடம் ஜோதிடம் கேட்டதாக எவாஞ்சலின் ஆடம்ஸ் என்ற ஜோதிடர் 1926இல் வெளிவந்த தம் சுயசரிதையில் எழுதினார். மறுக்க வேண்டியவர் உயிரோடு இல்லாத காலத்தில், அந்தப் பெயரால் தொழிலில் ஆதாயம் உள்ளவர் சொன்ன செய்தி அது.

கேள்வி: கடலையே பொங்க வைக்கும் சந்திரனுக்கு மனிதன் நிர்ணயிக்கும் விலையை அசைக்க முடியாதா?

பதில்: கடல் பொங்குவது சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால். தூரம் கூடக் கூட, கடலைப் பொங்க வைக்கும் அந்த ஓதவிசை மிக வேகமாகக் குறைந்துவிடும். பூமிக்கு மிக அருகே வரும் கிரகமான சுக்கிரனின் ஓதவிசைகூடச் சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குருவையும் சனியையும் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனாலும் வானத்துக்கும் வணிகத்துக்கும் தொடர்பு உண்டா என்பது கேட்கத் தகாத கேள்வி அன்று. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பெரும் பொருளியல் அறிஞர் 1870களில் அதையே கேட்டார். சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதால் மழை மாறுகிறது, மழையால் விளைச்சல் மாறுகிறது, விளைச்சலால் மக்களின் வாங்கும் சக்தி மாறுகிறது, அதனால் வணிக நெருக்கடி வருகிறது என்று ஒரு சங்கிலியை அவர் முன்வைத்தார். நெருக்கடிகள் பத்தாண்டுக்குச் சற்று அதிகமான இடைவெளியில் வருவதாகவும் கணக்கிட்டார். பிற்காலத்து நெருக்கடிகள் அந்தத் தாளத்துக்கு ஆடவில்லை, கொள்கை கைவிடப்பட்டது. ஆயினும் அவர் ஒவ்வொரு கண்ணியையும் வெளிப்படையாக வைத்ததால்தான் எந்தக் கண்ணி அறுந்தது என்று பிறர் காண முடிந்தது. குரு பெயர்ந்தால் வங்கிப் பங்கு ஏன் ஏற வேண்டும் என்று ஜோதிடரைக் கேளுங்கள். குரு தனகாரகன் என்பார். நடுவில் ஒரு கண்ணிகூட இருக்காது.

கேள்வி: எந்த நிறுவனத்தின் ஜாதகத்தையும் கணிக்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். சேரலாமா?

பதில்: கட்டணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நிறுவனம் பிறந்த நேரம் எது? பதிவுச் சான்றிதழ் கையெழுத்தான நேரமா, முதல் கூட்டம் நடந்த நேரமா, பங்கு சந்தையில் பட்டியலான நேரமா? மூன்றுக்கும் மூன்று லக்னம் வரும். நடந்ததற்குப் பொருந்துகிற ஜாதகத்தை நடந்த பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ள மூன்று தாராளமாகப் போதும்.

எந்த வானம் என்பது இரண்டாவது கேள்வி. மேலைநாட்டார் சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கும் சாயன முறையிலும், நம்மவர் நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிராயன முறையிலும் கணிக்கிறார்கள். இரண்டுக்கும் இப்போது ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். சாயனத்தில் குரு ரிஷபத்துக்கு வந்தது 2023 மே மாதம். நிராயனத்தில் 2024 மே மாதம். நமக்குள்ளேயே பாருங்கள், சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச். வானத்தில் இருப்பது ஒரே சனி. அந்த ஓராண்டுக்குள் ஒரு பங்கு இருமடங்காகவும் ஆகலாம், பாதியாகவும் ஆகலாம். எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பணம் போடுவது என்று அந்த வகுப்பில் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

பங்கு விலையைக் கோணங்களிலும் கிரகங்களிலும் தேடியவர்களில் மிகவும் பெயர் பெற்ற டபிள்யூ.டி. கேன் (1878–1955) என்ற அமெரிக்கர்கூடச் சந்தைக் கடிதங்களும் பாடங்களும் விற்றவர்தான். நாளைய விலை உறுதியாகத் தெரிந்தவருக்கு மாணவர் கட்டணம் எதற்கு?

கேள்வி: நிபுணர், ஜோதிடர், சிறுமி ஆகிய மூவரை வைத்து நடந்த போட்டியில் ஜோதிடர் நிபுணரை வென்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நிபுணர்களே இந்த லட்சணத்தில் இருக்கும்போது ஜோதிடரை மட்டும் குறை சொல்வது நியாயமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரி. 2001இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர் பிரிட்டனில் அந்தச் சோதனையை நடத்தினார். மூவருக்கும் கணக்களவில் 5,000 பவுண்டு. பிரிட்டனின் நூறு பெரிய நிறுவனங்களில் முதலீடு செய்ய வேண்டும். முதலீட்டு நிபுணர் தம் அனுபவத்தைக் கொண்டும், ஜோதிடர் நிறுவனங்களின் தொடக்க நாட்களைக் கொண்டும் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வயதுச் சிறுமிக்காக நிறுவனப் பெயர்கள் எழுதிய சீட்டுகளை ஏணி மேலிருந்து பறக்கவிட்டார்கள். கைக்கு அகப்பட்டவை அவளுடைய பங்குகள். ஓராண்டு முடிவில் சந்தை 16 சதவீதம் இறங்கியிருந்தது. நிபுணருக்கு 46.2 சதவீத நஷ்டம், ஜோதிடருக்கு 6.2 சதவீத நஷ்டம், சிறுமிக்கு 5.8 சதவீத லாபம்.

ஒரே ஒரு சோதனையில் சில பங்குகளை வைத்து எவர் திறமையையும் அளந்துவிட முடியாது. சிறுமி வென்றதை வைத்து ஜோதிடத்தைத் தள்ளினால், ஜோதிடர் நிபுணரை முந்தியதை வைத்து அதை ஏற்கவும் வேண்டியிருக்கும். இரண்டையும் நான் செய்ய மாட்டேன். குறுகிய காலத்தில் பங்கு விலையை ஆளும் பெரும்பகுதி தற்செயல் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிபுணர்கள் தவறுகிறார்கள் என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் கணிப்பை நம்பி அவசரப்படுவதையும் நான் பரிந்துரைத்ததில்லை. ஆனால் இந்த நிறுவனத்தின் கடன் இவ்வளவு, லாபம் இவ்வளவு, ஆகவே வாங்கலாம் என்று ஒருவர் சொன்னால், ஆண்டறிக்கையைத் திறந்து அது சரியா என்று நீங்களே பார்க்க முடியும். கிரகம் சொன்னதாகச் சொன்னால் திறந்து பார்க்க எதுவும் இல்லை.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதியை ஆப்ஷன் வர்த்தகத்தில் போட்டார். பாதிக்கு மேல் போய்விட்டது. குரு பெயர்ந்ததும் எல்லாம் திரும்ப வந்துவிடும், அதுவரை எதையும் தொடாதே என்று அவருடைய ஜோதிடர் சொல்லியிருக்கிறார். இப்போது மீதியையும் போடலாமா என்று யோசிக்கிறார். நான் என்ன சொன்னாலும் அபசகுனமாகப் பேசாதே என்கிறார்.

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. முதலில், அவரோடு ஜோதிடத்தைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். அவர் பிடித்துக்கொண்டிருப்பது நம்பிக்கையைக் காட்டிலும் வெட்கத்தை என்று எனக்குத் தோன்றுகிறது. இழந்ததை இழந்தேன் என்று மனைவியிடம் சொல்ல முடியாத ஒரு மனிதருக்கு, இன்னும் இழக்கவில்லை, காலம் வரவில்லை என்று சொல்லித் தருகிறவரின் பேச்சு மிகவும் இதமாக இருக்கும். நீங்கள் கோபப்படாமல் கேட்பீர்கள் என்ற உறுதி வந்தால்தான் அவர் கணக்கைத் திறப்பார்.

கணக்கைத் திறந்ததும் ஒரு தாளில் தேதி போட்டு, போட்ட தொகை, இன்றைய மதிப்பு, கையில் உள்ள ஒவ்வொரு ஆப்ஷனின் காலாவதி நாள் ஆகியவற்றை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பங்கு என்றால் நிறுவனம் இருக்கும்வரை காத்திருக்கலாம். ஆப்ஷன் அப்படிப்பட்டதன்று; ஒரு பங்கையோ குறியீட்டெண்ணையோ குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ கிடைக்கும் உரிமை மட்டுமே அது. அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. விலை ஓரிடத்திலேயே நின்றாலும் வாங்கிய ஆப்ஷனின் மதிப்பு நாளுக்கு நாள் கரையும். கடைசி நாளில் விலை எதிர்பார்த்த எல்லையைத் தொடாவிட்டால் செலுத்திய தொகை முழுவதும் பூஜ்யம். எழுதி விற்ற ஆப்ஷனாக இருந்தால் நஷ்டம் போட்டதற்கும் மேலே போகலாம். குரு பெயரும் தேதியைக் காலாவதி நாளுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர்ச்சி பின்னால் வருமானால், காத்திருக்கச் சொன்னவருக்கு அவர் கையில் இருக்கும் பொருள் இன்னதென்றே தெரியவில்லை என்பதை வாதம் இல்லாமலே அவர் கண்டுகொள்வார்.

பாதி போனால் திரும்பப் பழைய இடத்துக்கு வர மீதி இருமடங்காக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நூறு ஐம்பதாக 50 சதவீத இறக்கம் போதும்; ஐம்பது நூறாக 100 சதவீத ஏற்றம் வேண்டும். மீதித் தொகையைப் போட்டு அதை ஈடுகட்ட நினைப்பது முழுவதையும் இழக்கும் வழியாகிவிடலாம். மாதச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் வேண்டிய பணத்தை இந்த வாரமே இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடிகிற வைப்புக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு அவர் சம்மதிக்க ஜோதிடத்தை மறுக்க வேண்டிய தேவையே இல்லை. பெயர்ச்சி வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று சொன்னாலே போதும்.

அவருக்கு விருப்பம் இருந்தால் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். எனக்கே எழுதச் சொல்லுங்கள். பெயரை வெளியிடாமல் தனியே பதில் எழுதுகிறேன்.